வாசகர் கேள்வி – பதில்: பொட்காஸ்ட்டும் ஊர் வட்ஸ்அப் குழுக்களும்

கைத்தொலைபேசி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டே பொட்காஸ்ட் என்னும் இணைய ஒலித்தொடரைத் தொடங்கலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து எழுதியவர்களில் ஒலிப்பதிவைப் பற்றிக் கேட்டவர்கள் சிலரே. பதிவு செய்ததை நாலு பேர் காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி, சேர்க்கப் போன இடத்தில் மனத்தாங்கல் ஏன் வந்தது என்பவையே பெரும்பாலான கேள்விகள். ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதும் அவற்றுக்கே.

கேள்வி: படுவான்கரையில் வயல் செய்த முதியவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்துவருகிறேன். இவற்றைப் பொட்காஸ்ட்டாக வெளியிடும்படி கனடாவில் இருக்கும் மகள் சொல்கிறாள். யூடியூப்பில் ஏற்றுவதற்கும் வட்ஸ்அப்பில் அனுப்புவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், களுவாஞ்சிகுடி)

பதில்: பொட்காஸ்ட்டில் உங்கள் ஒலிக்கோப்பு இணையத்தில் ஒரு சேவையகத்தில் இருக்கும். தொடரின் பெயர், ஒவ்வொரு பகுதியின் தலைப்பு, ஒலிக்கோப்பு இருக்கும் முகவரி ஆகியவற்றைக் கொண்ட ஆர்.எஸ்.எஸ். என்னும் பட்டியல் ஒன்றும் அதனுடன் இருக்கும். அப்பிள் பொட்காஸ்ட்ஸ், ஸ்பொட்டிஃபை போன்ற செயலிகள் அந்தப் பட்டியலை அடிக்கடி பார்த்து, புதிய பகுதி சேர்ந்திருந்தால், உங்கள் தொடரைத் தாமாகவே பின்தொடர்கிறவர்களுக்கு அதைக் கொண்டுபோய்க் காட்டும். இந்தப் பட்டியலில் ஒலிக்கோப்பை இணைக்கும் வழியை 2000ஆம் ஆண்டளவில் அமைத்தவர் டேவ் வைனர் என்ற அமெரிக்க மென்பொருளாளர். 2005 ஜூனில் அப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் பொட்காஸ்ட்டுகளுக்கு இடம் கொடுத்த பிறகே அது பரவலாயிற்று. ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தது 2021இல்தான். அது கட்டணமின்றிச் சேவையக வசதியும் தருகிறது என்பதால், தொடங்குவதற்குச் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை.

இதில் உங்களுக்குள்ள பெரிய வசதி, அந்தப் பட்டியல் உங்களுடையது என்பதுதான். ஒரு சேவையகம் பிடிக்கவில்லையென்றால் இன்னொன்றுக்கு மாறிக்கொண்டு, பழைய முகவரியிலிருந்து புதியதற்கு வழி திருப்பிவிட்டால், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தாம் எதுவும் செய்யாமலேயே தொடர்ந்து கேட்பார்கள். யூடியூப்பில் அப்படி மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு கிளம்ப முடியாது. அங்கே கட்டணம் செலுத்தாதவர்கள் பொதுவாகத் திரையை அணைத்தால் ஒலியும் நின்றுவிடுகிறது. தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரம்பில் நடப்பவருக்கு அது உதவாது. ஆனாலும் நம் பக்கத்துக் கேட்போர் பலருக்கு யூடியூப்பே கைப்பழக்கம் என்பதால், ஒரே ஒரு நிழற்படத்தை வைத்து அங்கும் ஏற்றிவிடுவதே புத்தி.

வட்ஸ்அப்பில் கோப்பையே அனுப்புவது வேறு கதை. 20 நிமிடப் பதிவொன்று விநாடிக்கு 128 கிலோபிட் தரத்தில் ஏறத்தாழ 19 மெகாபைட் வரும். பேச்சு மட்டுமே உள்ள பதிவை மோனோவாக (ஒற்றை ஒலித்தடமாக) 64 கிலோபிட்டில் சேமித்தால் 10 மெகாபைட்டுக்கும் குறையும், காதுக்கு வேறுபாடு அதிகம் தெரியாது. 200 பேர் உள்ள குழுவில் அந்தச் சிறிய கோப்பைப் போட்டால்கூட, தானாகப் பதிவிறங்கும்படி வைத்திருப்பவர்களுடைய டேட்டாவும் தொலைபேசியின் இடமும் அவர்களைக் கேளாமலேயே செலவாகின்றன; எல்லோரும் அப்படி வைத்திருந்தால் மொத்தம் ஏறத்தாழ 2 கிகாபைட். கிழமைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து ரீலோட் போடுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே கோப்பை அனுப்பாதீர்கள், இணைப்பை அனுப்புங்கள். இணைப்பின் பக்கத்திலேயே எத்தனை நிமிடம், எத்தனை மெகாபைட் என்றும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்களைப் பற்றி வாரம் ஒரு பகுதி வெளியிடுகிறேன். நான் உறுப்பினராக இருக்கும் எல்லா வட்ஸ்அப் குழுக்களிலும் இணைப்பைப் போட்டேன். ஒரு குழுவின் நிர்வாகி எதுவும் சொல்லாமல் என்னை நீக்கிவிட்டார். நல்ல விடயத்தைத்தானே அனுப்பினேன்?
(வாசகி, ஆரையம்பதி)

பதில்: நீங்கள் கடிதத்துடன் அனுப்பியிருந்த திரைப்பிடிப்பைப் பார்த்தேன். மேலே ஒரு மரண அறிவித்தல். இறுதிக்கிரியை பிற்பகல் 3 மணிக்கு என்ற விவரம். அதன் கீழே வரிசையாக ஆழ்ந்த அனுதாபங்கள், கைகூப்பிய படங்கள். அவற்றுக்கு நடுவே, பட்டாசு வெடிக்கும் குறியீடுகளுடன், "புதிய பகுதி வந்தாச்சு, கேட்டு மகிழுங்கள், பகிருங்கள்" என்ற உங்கள் செய்தி. அதற்குக் கீழே மீண்டும் அனுதாபங்கள். நீங்கள் அந்த அறிவித்தலைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரிகிறது, ஏனென்றால் பல குழுக்களை ஒன்றாகத் தெரிவு செய்து ஒரே தட்டலில் அனுப்பியிருக்கிறீர்கள். அப்படி அனுப்பியதுதான் பிழை. பகுதியின் உள்ளடக்கத்தில் ஒரு குறையும் இல்லை. நிர்வாகியும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நீக்கியிருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஊர்க் குழு ஒவ்வொன்றும் ஒரு காரியத்துக்காகத் தொடங்கப்பட்டது. ஆலயத் திருவிழா உபயகாரர் குழு, ஐந்தாம் ஆண்டுப் புலமைப் பரிசில் பெற்றோர் குழு, கடலுக்குப் போகிறவர்கள் காற்றைப் பற்றிச் செய்தி பரிமாறும் குழு, பழைய மாணவர் குழு என்று ஒவ்வொன்றிலும் ஆட்கள் ஒரு தேவைக்காகவே ஒலியை அணைக்காமல் வைத்திருக்கிறார்கள். அங்கே தேவையில்லாத செய்தி இரண்டு மூன்று விழுந்தால் ஒலியை அணைத்துவிடுவார்கள். பிறகு தேவையான செய்தியும் அவர்களை எட்டாது. அனுப்புகிறவர் கவனிக்கத் தவறுகிற நட்டம் இதுதான். வட்ஸ்அப் நிறுவனமே 2019 முதல் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி செய்ததும், பலமுறை முன்னனுப்பப்பட்டதை 2020 முதல் ஒன்றுக்கு மட்டும் என்று குறைத்ததும் வதந்தியைத் தடுக்கத்தான் என்றாலும், நமக்கும் அந்த அளவு நல்ல அளவே.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் உங்களுக்கென்று ஓர் இடம் அமைத்துக்கொள்ளுங்கள், அதுவும் குழுவாக வேண்டாம், நீங்கள் செய்தி இட மற்றவர்கள் பின்தொடரும் வட்ஸ்அப் சனலாக இருக்கட்டும். குழுவில் சேர்ந்த ஒவ்வொருவருடைய தொலைபேசி இலக்கமும் மற்ற எல்லோருக்கும் தெரியும். உங்கள் கேட்போரில் பெரும்பாலோர் பெண்கள் என்கிறீர்கள். முன்பின் தெரியாதவரிடமிருந்து இரவு 11 மணிக்கு மிஸ்ட் கோல் வந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். சனலில் பின்தொடர்கிறவர் இலக்கம் மற்றப் பின்தொடர்வோருக்குத் தெரியாது, உங்கள் இலக்கமும் அவர்களுக்குத் தெரியாது. எவரையும் கேளாமல் குழுவொன்றில் சேர்த்துவிடுவதோ, ஏதோவொரு கூட்டத்தில் வருகைப் பதிவேட்டில் எழுதிய இலக்கங்களை எடுத்துச் செய்தி அனுப்புவதோ கூடவே கூடாது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் ப்ரோட்காஸ்ட் பட்டியல் என்று ஒன்றும் வட்ஸ்அப்பில் உண்டு. 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் இலக்கத்தைத் தம் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். சிலர் இதைக் குறை என்கிறார்கள். எனக்கு அது மிகச் சரியான ஏற்பாடாகவே படுகிறது.

அதற்குப் பிறகு, பிற குழுக்களில் இரண்டையோ மூன்றையோ தெரிவு செய்து, நிர்வாகியிடம் தனியாகக் கேளுங்கள். "அக்கா, மருதமுனையில் நெசவு செய்யும் இரண்டு பெண்களோடு பேசியிருக்கிறேன், நூல் எங்கே வாங்குகிறார்கள், கடன் எப்படி எடுத்தார்கள் என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்கள், நம் சங்கக் குழுவில் ஒருமுறை போடலாமா?" என்று கேட்டால் மறுப்பவர் அரிது. போடும்போதும் அந்தக் குழுவுக்கு எது தேவையோ அதைக் குறித்து இரண்டு வரி எழுதுங்கள். ஒரே வாசகத்தை வெட்டி ஒட்டாதீர்கள். ஒவ்வொரு கிழமையும் போடாமல் மாதம் ஒருமுறை போதும். மிச்சத்தை விரும்பியவர் வந்து சனலில் பார்த்துக்கொள்வார்.

நேரத்தையும் கவனியுங்கள். காலை 6 மணிக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அப்போது கட்டாரில் அதிகாலை 3.30, வேலைக்குப் போய் உழைத்துவிட்டு அறையில் ஆறு பேரோடு உறங்குகிற ஒருவரின் தலைமாட்டில் அது ஒலிக்கிறது. இங்கே இரவு 8 மணி என்றால் கட்டாரில் மாலை 5.30, இலண்டனில் பிற்பகல், டொரோண்டோவில் காலை. எவருக்கும் இடைஞ்சல் இல்லை.

கேள்வி: பேஸ்புக்கில் ஒவ்வொரு பகுதிக்கும் 50 நண்பர்களை டேக் செய்கிறேன். இது தவறா?
(பல்கலைக்கழக மாணவர், அக்கரைப்பற்று)

பதில்: ஆம். அந்தப் பகுதியில் பேசியவரையும் ஒலித்தொகுப்பில் உதவியவரையும் மட்டும், அதுவும் கேட்டுவிட்டு, டேக் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் அண்ணாவியார் ஒருவர் வடமோடிக் கூத்துப் பாடல்களைப் பாடிக் காட்டினார். பதிவு செய்து வெளியிட்டேன். இப்போது அவருடைய மகன் எடுத்துவிடச் சொல்கிறார். அப்பா சம்மதித்துத்தானே பாடினார்?
(வாசகர், கொக்கட்டிச்சோலை)

பதில்: எதற்குச் சம்மதித்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். திண்ணையில் பாய் விரித்து உட்கார்ந்து, எதிரே இருந்த உங்களுக்காக அவர் பாடினார். அதே குரலை சூரிச்சில் ஒருவர் பஸ்ஸில் கேட்பார், வேறொருவர் அதை வெட்டி டிக்டொக்கில் தன் நடனத்துக்கு வைப்பார் என்று அவருக்குச் சொல்லியிருந்தீர்களா? சொல்லியிருக்காவிட்டால் அது சம்மதமாகாது. கூத்துப் பாட்டு பரம்பரைச் சொத்து, எவருக்கும் தனியுரிமை இல்லை என்று சிலர் வாதிடுவார்கள். பாட்டு பரம்பரையாக வந்ததாக இருக்கலாம். ஆனால் அன்று அவர் பாடிய அந்தப் பாடல் நிகழ்வு அவருடையது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆற்றுகை செய்பவருக்கும் உரிமைகளைக் கொடுத்திருக்கிறது.

இப்போது செய்யக்கூடியது, அந்தப் பகுதியை முதலில் இறக்கிவிட்டு, பிறகு வீட்டுக்குப் போவது. இறக்காமல் போய்ப் பேரம் பேசாதீர்கள். போனால் தொலைபேசியில் அந்தப் பகுதியைத் தந்தையும் மகனுமாகக் கேட்கச் செய்து, எங்கெல்லாம் இது ஒலிக்கும் என்று விளக்கி, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மகன் கோபித்ததற்குக் காரணம் பெரும்பாலும் பாட்டாக இருக்காது. அப்பாவின் பெயரைச் சரியாகப் போடாததோ, இருமலை வெட்டாமல் விட்டதோ, ஊரில் வேறொருவர் சொல்லித் தெரிய வந்ததோ ஆக இருக்கும். இனிமேல் பதிவைத் தொடங்கியவுடனேயே, இது எதற்கு, எங்கே வெளியாகும், பிறகு மனம் மாறினால் சொல்லலாம் என்பதைப் பேசி, அவர் "சரி" என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். கையெழுத்துப் படிவத்தைக் கண்டால் நம் முதியவர்கள் காணி உறுதியோ என்று பயப்படுவார்கள். குரலிலேயே இருந்தால் போதும்.

களுவாஞ்சிகுடி ஆசிரியர் ஐயாவுக்கும் இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வயலைப் பற்றிக் கேட்கப் போனாலும் பேச்சு 2004 டிசம்பர் கடற்கோளுக்கும் யுத்த காலத்துக்கும் போகாமல் இராது. யார் காட்டிக்கொடுத்தார், யாருடைய மகள் எங்கே போனாள் என்று பெயர் சொல்லியே பேசுவார்கள். சொல்லுகிறவர் சம்மதித்துவிட்டார்; அவருடைய கதைக்குள் வருகிறவர் சம்மதிக்கவில்லை, பல நேரங்களில் அவர் இன்னும் இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் குடியிருக்கிறார். அப்படிப்பட்ட பெயர்களையும் ஊர் அடையாளங்களையும் வெளியிடும் பிரதியிலிருந்து வெட்டிவிடுங்கள், முழுப் பதிவை வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள். பேசும்போது ஒருவர் அழுதால் அந்த இடத்தை விளம்பரத் துண்டாக்குவது எந்த நிலையிலும் வேண்டாம்.

கேள்வி: 'பாடும்மீன்' என்று பெயர் வைக்கலாமா?
(வாசகி, கல்லடி)

பதில்: வைக்கலாம், ஆனால் மட்டக்களப்பு வாவியில் உள்ள மீன்களைவிட அந்தப் பெயரில் உள்ள மன்றங்களும் பக்கங்களும் கூடிவிட்டன. தேடுகிறவருக்கு உங்களைக் கண்டுபிடிப்பது கடினமாகும்.

கேள்வி: 40 நிமிட நேர்காணலை எவரும் கேட்பதில்லை. அதில் சூடான 30 விநாடியை வெட்டிப் போட்டால் ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தால் என்ன?
(இளைஞர், கல்முனை)

பதில்: துண்டு வெட்டிப் போடுவது தவறில்லை; முழு நேர்காணலுக்கு ஆட்கள் வந்துசேர அது ஒரு வழிதான். ஆனால் நீங்கள் அனுப்பியிருந்த துண்டில் பேச்சாளர் "ஆனால்" என்று தொடங்கும் இடத்தில் வெட்டு விழுந்திருக்கிறது. முழுப் பதிவையும் கேட்டேன். அந்த "ஆனால்" என்பதற்குப் பிறகுதான் தன் சமூகத்தவரும் பிழை விட்டிருக்கிறார்கள் என்று அவர் ஒத்துக்கொள்கிறார். அதை நீக்கியதும் அவர் அயல் சமூகத்தை மட்டும் குற்றம் சாட்டுகிறவராகிவிட்டார்.

நம் மாவட்டத்திலேயே நடந்ததை நினைவூட்டுகிறேன். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவர் நடத்திய உணவகத்தில் சாப்பாட்டில் மலட்டு மருந்து கலக்கிறார்கள் என்று சொல்லி ஒரு கும்பல் கூடியது. சிங்களம் சரியாகத் தெரியாத ஊழியர் ஒருவர் பயத்தில் தடுமாறிச் சொன்ன பதிலை, அவரே ஒத்துக்கொண்டதுபோல ஒரு சிறு காணொளித் துண்டாகப் பேஸ்புக்கில் பரப்பினார்கள். அன்றிரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மருந்து என்று சொல்லப்பட்டதைப் பரிசோதித்துப் பார்த்தபோது அது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிவித்தார். அதற்குள் சேதம் நடந்து முடிந்திருந்தது. மார்ச் தொடக்கத்தில் கண்டி மாவட்டத்தில் வன்முறை வெடித்து, 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப் உள்ளிட்டவற்றை அரசாங்கம் முடக்கியது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. உங்கள் துண்டை அதற்கு நிகராக்கவில்லை. ஆனால் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிற ஊரில், பேச்சை எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பது தொகுப்பாளரின் பொறுப்பு.

துண்டில் கேள்வியும் பதிலும் முழுதாக இருக்கட்டும், அதற்கு 30 விநாடி போதாவிட்டால் 90 விநாடி ஆகட்டும். வெளியிடும் முன் பேசியவருக்கு அனுப்பிக் காட்டுங்கள். தலைப்பில் அவர் சொல்லாத சொல் எதுவும் வேண்டாம். "அதிர்ச்சி", "வெளுத்து வாங்கினார்" போன்றவை அவர் சொன்னவை அல்ல. ஏற்கெனவே போட்ட துண்டை அழித்துவிட்டு, திருத்திய துண்டை அதே இடத்தில், ஏன் மாற்றினீர்கள் என்ற ஒரு வரியுடன் போடுங்கள்.

கேள்வி: எந்த ஒலிவாங்கி வாங்கலாம்?
(வாசகர், வாழைச்சேனை)

பதில்: இப்போதைக்கு எதுவும் வேண்டாம். தொலைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்து, அழைப்பு வராதபடி விமான நிலைக்கு மாற்றி, துணிகள் தொங்கும் அலுமாரியைத் திறந்துவைத்து அதன் முன்னால் அமர்ந்து பேசிப் பாருங்கள். எதிரொலி பெருமளவு அடங்கிவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். பேசுவதற்கு முன் 10 விநாடி மௌனமாகப் பதிவு செய்தால், ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருள் அந்த மௌனத்தில் உள்ள இரைச்சலை அடையாளம் கண்டு பதிவு முழுவதிலும் குறைத்துவிடும். மாரி காலத்தில் தகரக் கூரையின் கீழ் பதிவு செய்ய நினைப்பதே வீண். பாண்காரரின் முச்சக்கர வண்டி பீத்தோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தால், அது போகும்வரை நிறுத்திவைத்து, கடைசி வாக்கியத்தைத் திரும்பச் சொல்லுங்கள். பீத்தோவன் இறந்தது 1827இல் என்பதால் மெட்டுக்கு உரிமை கோரி எவரும் வரமாட்டார்கள், ஆனால் உங்கள் விருந்தினர் சொன்னது எவருக்கும் கேட்காது.

கேள்வி: என் தமக்கைக்குக் காது கேட்காது. அவரும் என் தொடரை அறிய வேண்டும் என்பது என் ஆசை.
(வாசகி, திருக்கோவில்)

பதில்: பேச்சை எழுத்தாக்கி ஒவ்வொரு பகுதியுடனும் கொடுங்கள். தமிழில் தானாக எழுத்தாக்கும் கருவிகள் நம் பேச்சு வழக்கில் தடுமாறுகின்றன, ஆகவே உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும். சிரமமென்றால் முழுவதையும் எழுதாமல் ஒரு பக்கச் சுருக்கம் எழுதலாம். ஒன்றைக் கவனியுங்கள்: பாமினி எழுத்துருவில் தட்டியதை அப்படியே ஒட்டினால் மற்றவர் தொலைபேசியில் அது ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், யூனிகோடுக்கு மாற்றிப் போடுங்கள். அறிவித்தலைப் படமாக மட்டும் போட்டால் பார்வையற்றோரின் திரைவாசிப்பான் பெரும்பாலும் அதைத் தமிழில் வாசிக்காது, எனவே படத்தில் உள்ளதைப் பதிவிலும் எழுதிவிடுங்கள். தலைப்பைத் தமிழ் எழுத்திலேயே வைத்தால் தேடுகிறவர்களுக்கும் அகப்படும்.

கேள்வி: ஆறு மாதமாகியும் ஒரு பகுதிக்கு 60 பதிவிறக்கத்தைத் தாண்டவில்லை. பணம் கொடுத்தால் 5,000 பின்தொடர்வோரைச் சேர்த்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்.
(வாசகர், ஏறாவூர்)

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சேர்ப்பவை பெரும்பாலும் போலிக் கணக்குகள்; அவை ஒரு நிமிடம்கூடக் கேட்கமாட்டா, தளங்கள் கண்டுபிடித்தால் உங்கள் கணக்கையே முடக்கும். விளம்பரம் செய்ய வேண்டுமானால் பேஸ்புக்கிலேயே சிறு தொகை செலுத்தி, மொழியையும் மாவட்டத்தையும் குறித்து நேரடியாகச் செய்யலாம். அது விளம்பரம் என்று பார்ப்பவருக்கும் தெரியும்.

பதிவிறக்க எண்ணையும் அளவோடு நம்புங்கள். பொட்காஸ்ட் துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவுமுறையில், குறைந்தது ஒரு நிமிட ஒலி இறங்கியிருந்தால் ஒரு பதிவிறக்கம். ஒரே கருவியில் 24 மணி நேரத்துக்குள் எத்தனை முறை இறங்கினாலும் ஒன்றுதான். இறங்கியது கேட்கப்பட்டது என்று அதற்குப் பொருளில்லை. 2023இல் அப்பிள் தன் ஐபோன் மென்பொருளில் தானாகப் பதிவிறக்கும் முறையை மாற்றியபோது உலகின் பெரிய தொடர்கள் பலவற்றின் எண்களே இறங்கின, கேட்டவர்கள் குறையவில்லை. உங்கள் 60 பேர் ஆறு மாதமாக விலகாமல் இருக்கிறார்கள் என்றால் அவர்கள் உண்மையாகவே கேட்கிறவர்கள். அவர்களில் எவராவது குரல் செய்தி அனுப்பினால் அன்றைக்கே பதில் சொல்லுங்கள், அனுமதி பெற்று அடுத்த பகுதியில் அதைச் சேருங்கள்.

ஸ்பொட்டிஃபையின் கணக்குப் பக்கத்தில், கேட்பவர்கள் எந்த நிமிடத்தில் விட்டுப் போகிறார்கள் என்று காட்டும் கோடு ஒன்று உண்டு. உங்கள் தொடரில் வணக்கமும் அனுசரணையாளருக்கு நன்றியும் அறிமுக இசையுமாக முதல் மூன்று நிமிடம் போகிறது. அந்தக் கோடு அங்கேயே சரிகிறதா என்று பாருங்கள். சரிந்தால் அதை 20 விநாடியாக்கிவிட்டு இரண்டு மாதம் கழித்து எழுதுங்கள்.